ரோட்டாஹேலரும் பஃப்பும் குழம்பிவிடுகிறது, யோசனை வேண்டும்

சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ள முதியவர்களுக்கு இன்ஹேலர் பழக்கும் செவிலியர்களும் பிசியோதெரபிஸ்ட்களும் கொஞ்சம் கைகொடுங்கள்.

பலருக்கு இரண்டு கருவிகள்: கேப்ஸ்யூலில் உள்ள பொடி மருந்தை இழுக்கும் ரோட்டாஹேலர், ஸ்பேசருடன் (மருந்தைப் பிடித்து வைக்கும் குழாய்) பஃப் (அழுத்தினால் மருந்து பீய்ச்சும் இன்ஹேலர்). கேப்ஸ்யூல் பொடியை வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் பொடி சரியாகப் பிரியாமல் வாயிலும் தொண்டையிலும் தங்கிவிடும். பஃப் அதற்கு நேர்மாறு: நன்றாகக் குலுக்கி, 4–5 விநாடி நிதானமாக இழுக்க வேண்டும். இரண்டிலும் முன்னதாக மூச்சை வெளியே விட்டு, இழுத்தபின் 10 விநாடி அடக்க வேண்டும். முன்னதாக வெளியே விட வேண்டிய மூச்சை ரோட்டாஹேலருக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். ஈரம் பட்டுப் பொடி கட்டியாகிவிடுகிறது. கருவியைத் திறந்தால் சுவரில் வெள்ளையாக ஒட்டியிருப்பது தெரியும். கேப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்குபவர்களும் உண்டு, பாவம்.

நம் எதிரில் சரியாகச் செய்து காட்டுகிறார்கள். அடுத்த முறை வரும்போது வேகமும் நிதானமும் இடம் மாறிவிடுகிறது. எழுத்து தெரியாதவர்களுக்கு ஸ்டிக்கர், படம், வீட்டாருக்கு வீடியோ இவற்றில் எது உண்மையில் பலன் தந்தது? இழுக்கும் வேகத்தை அளக்கும் கருவி இல்லாத இடத்தில், பொடி மருந்துக்கு மூச்சுபலம் போதுமா என்று எப்படிக் கணிக்கிறீர்கள்? ஸ்டீராய்டு மருந்துக்குப் பின் வாய் கொப்பளிப்பதை மறக்காமலிருக்க ஏதாவது எளிய வழி இருந்தாலும் சொல்லுங்கள்.