கடல் வீடு 🌊 (அலமாரி பேச்சு வேண்டாம்)

விஜி அக்கா: கடல் வீட்டு உள்வேலைக்கு டிசைனர் வரைபடம் அனுப்பிட்டாங்க. திருத்தம் 4. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஓகே சொல்லணும். சனிக்கிழமை ஃபேக்டரில ப்ளைவுட் வெட்டிடுவாங்க. வெட்டினப்புறம் மாத்தினா மொத்தமும் நம்ம தலையிலதான். எல்லாரும் பாருங்க.

📎 வரைபடம்_திருத்தம்4.பிடிஎஃப்

ரமா: எனக்கு 3 தான் வந்துச்சு

விஜி அக்கா: மேலதான் இருக்கு. கீழ் வலது மூலையில தேதியைப் பாத்துக்கோ. பழசை அழிச்சுடு, இல்லன்னா 3ஐப் பாத்துட்டு 4க்கு சரி சொல்லுவ.

கார்த்தி: 👍

விஜி அக்கா: கார்த்தி, இது பாத்துட்டேன்னா, ஓகேன்னா?

கார்த்தி: பாக்கறேன்னு

மல்லிகா சித்தி: என் ட்ரில் மெஷின் யார்கிட்ட இருக்கு?

செல்வம் மாமா: விஜி, ரெண்டாவது படுக்கையறை வார்ட்ரோப் பாத்தேன். உயரம் 2400, ஆழம் 600. சீலிங் 2440. 40 எம்.எம். இடைவெளி இருக்கேன்னு தோணும். ஆனா பெட்டியைத் தரையில படுக்க வச்சுத்தான் பலகையெல்லாம் சேர்ப்பாங்க. நிமித்தும்போது மூலைக்கு மூலை அளவுதான் சீலிங்கைத் தொடும். அது 2474 வருது. 34 எம்.எம். இடிக்கும். திருத்தம் 3ல கீழ 2100, மேல 300 லாஃப்ட்னு ரெண்டு பெட்டியா சரியாத்தான் இருந்துச்சு. 2100 பெட்டி நிமிர 2184 போதும். எதுக்கு ஒண்ணாக்கினாங்க?

விஜி அக்கா: நான் சொல்லவே இல்லையே

ரமா: கைப்பிடியும் மாறியிருக்கு

விஜி அக்கா: யார் டிசைனர்கிட்ட தனியா பேசினது?

கார்த்தி: நான் இல்ல

மல்லிகா சித்தி: நான்தான் சும்மா கேட்டேன். மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரே நீளக் கைப்பிடி வச்சா அழகா இருக்குமேன்னு

விஜி அக்கா: சித்தி 🙏 அவங்களுக்கு சும்மா கேக்கறதெல்லாம் கிடையாது. நீளக் கைப்பிடி கேட்டா ஒரே கதவு, ஒரே கதவுன்னா ஒரே பெட்டி. அதான் ஒண்ணாயிடுச்சு.

செல்வம் மாமா: அதோட 2400 உயரக் கதவு 18 எம்.எம். ப்ளைல நேரா நிக்காது. கொஞ்ச நாள்ல வில்லு மாதிரி வளையும். உள்ள நிமித்துக் கம்பி பதிக்கணும், கீல் 5 போடணும். லேமினேட் வெளிப்பக்கம் மட்டும் ஒட்டி உள்பக்கம் சும்மா விட்டா இன்னும் சீக்கிரம் வளையும். ரெண்டு பக்கமும் ஒரே கனத்துல ஒட்டணும்னு எழுதி வாங்கு.

மல்லிகா சித்தி: அண்ணா, மூச்சு விட்டுக்கோங்க

செல்வம் மாமா: இன்னும் முடிக்கல. சுவர் அகலம் 1860னு ஒரே நம்பர் இருக்கு. எத்தனை இடத்துல எடுத்தது?

விஜி அக்கா: சாவி வச்சிருக்கற தம்பி எடுத்தான். நான் வீடியோ கால்ல பாத்துட்டே இருந்தேன். ஒரு இடம்தான்.

செல்வம் மாமா: அதான. தரையிலயிருந்து ஒரு சாண் மேல, நடு, சீலிங் கிட்ட, மூணு இடத்துல எடுக்கச் சொல்லு. முன்னாடி ஒரு தடவை, பின்சுவரை ஒட்டி ஒரு தடவை. மொத்தம் 6 நம்பர் வரும். எது சின்னதோ அதான் அளவு. சராசரி போடக்கூடாது. அதுலயும் சுவர் அடியில ஒட்டற ஸ்கர்ட்டிங் டைல் வெளிய நீட்டிக்கிட்டிருக்கும், அதைக் கழிக்கணும். ரெண்டு பக்கமும் 25 எம்.எம்., சுவர் இடைவெளியை மூடற ஃபில்லர் பட்டிக்கு விடணும். இல்லன்னா கதவு திறந்தா சுவர்ல முட்டி உள் டிராயர் வெளிய வராது. அறை மூலைக்கு மூலையும் ரெண்டு வாட்டி எடுக்கட்டும். ரெண்டும் ஒண்ணா இல்லன்னா அறை கோணலா இருக்குன்னு அர்த்தம்.

கார்த்தி: டேப் முனைல இருக்கற கொக்கி லூசா ஆடுதுன்னு அந்தத் தம்பி சொன்னானே

செல்வம் மாமா: ஆடணும்டா. கொக்கியோட கனம் எவ்வளவோ அவ்வளவுதான் ஆடும். மாட்டி இழுத்தாலும் முட்டி அளந்தாலும் ஒரே அளவு வரணும்னுதான் அது. சுத்தியல் வச்சு அடிச்சு இறுக்கிடப் போறான், சொல்லிடு.

விஜி அக்கா: 😳

விஜி அக்கா: கேக்கறேன்

பெரியப்பா: 🎤 குரல் செய்தி (1:12)

ரமா: அப்பா என்ன கேக்கறார்னா, தாத்தாவோட தேக்கு அலமாரி எந்த அறையில வருதுன்னு. வரைபடத்துல காணோமாம்

கார்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: படிச்சுட்டேன் கார்த்தி

கார்த்தி: சாரி பெரியப்பா

விஜி அக்கா: பெரியப்பா, வேண்டாம்னு சொல்லல. மாடியில அது ஏறுமான்னுதான்.

செல்வம் மாமா: அண்ணா, அலமாரி அளவு சொல்லுங்க. உயரம், அகலம், ஆழம்.

பெரியப்பா: உயரம் 1980. அகலம் 1200. ஆழம் 560. மேல இருக்கற பூவேலைப் பட்டி சேர்த்து.

ரமா: அப்பா ஏற்கெனவே அளந்து வச்சிருக்கார் 😄

செல்வம் மாமா: நிமித்த 2058 போதும், சீலிங் பிரச்சினை இல்ல. படிதான் பிரச்சினை. கதவை 90 டிகிரி திறந்து வச்சு, கதவுப் பலகைக்கும் எதிர் நிலைக்கும் நடுவுல இருக்கற அளவு வேணும். நிலைக்கு நிலை எடுத்தா கதவோட கனம் கணக்குல வராது. அப்புறம் படி திரும்பற இடத்துல கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவுல எவ்வளவு, மேல தலை இடிக்கற உத்தரம் எவ்வளவு உயரம். அட்டைப்பெட்டியை ஒட்டி 560 அகலம், 1980 நீளம், 1200 உயரத்துல ஒரு பொய் அலமாரி பண்ணி ரெண்டு பேர் ஏத்திப் பாக்கட்டும். கணக்கைவிட அது நம்பகம். கடல் காத்துக்கு தேக்கு தாங்கும். பழைய இரும்புக் கீலும் ஆணியும்தான் துருப்பிடிச்சு மரத்துல கறை இறக்கும். பித்தளைக்கு மாத்தினா நல்லது.

பெரியப்பா: அதைத்தான் நானும் சொல்றேன். தேக்கு தாங்கும்.

விஜி அக்கா: அவர் இன்னும் நாலு சொன்னார் பெரியப்பா

மல்லிகா சித்தி: கீல் எல்லாம் எஸ்.எஸ்., அதான் எவர்சில்வர்தானே போடறாங்க, அப்புறம் எதுக்குத் துரு?

செல்வம் மாமா: எஸ்.எஸ்.லயும் 304ங்கற ரகம் கடற்கரையில டீக்கறை மாதிரி புள்ளி விடும். வெளிக்கதவு, பால்கனிக்கு 316 கேளு. உள்ள 304 போதும், எப்பவாவது ஈரத்துணியால உப்பைத் துடைச்சா சரி. எம்.டி.எஃப்., அதான் மரநாரை அழுத்திப் பண்ற பலகை, எங்கயும் வேண்டாம், ஓரத்துல ஈரம் ஏறினா ஊதிடும், திரும்ப வத்தாது. வெளிச்சுவர் பக்கம் நிக்கற வார்ட்ரோப் முதுகை சுவர்ல ஒட்டாம 20 எம்.எம். விடணும், கதவுல காத்து ஓட்டை வேணும். பூட்டிக் கிடக்கற வீடு இது.

ரமா: ஹால் சுவர் பச்சை எல்லாருக்கும் ஓகேவா? எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு

கார்த்தி: என் போன்ல நீலமா தெரியுது

ரமா: அதான் போனை நம்பக்கூடாது. ஏ4 அட்டையில ரெண்டு கோட் அடிச்சு, சன்னலுக்கு எதிர்ச் சுவர்ல ஒண்ணு, சன்னல் பக்கச் சுவர்ல ஒண்ணு ஒட்டச் சொல்லுங்க. காலையில 9, மத்தியானம் 3, ராத்திரி லைட் போட்டு, மூணு போட்டோ. பக்கத்துல ஒரு வெள்ளைத் தாளையும் ஒட்டிட்டு எடுக்கணும். தாள் மஞ்சளா தெரிஞ்சா போட்டோவே மஞ்சள், பெயிண்ட் இல்ல. பல்பு வீடு முழுக்க 3000 கெல்வின் (இளமஞ்சள் வெளிச்சம்), கலரை எவ்வளவு சரியா காட்டுதுங்கற சி.ஆர்.ஐ. 90க்கு மேல. அறைக்கு ஒண்ணா மாறினா எந்தக் கலரும் நிக்காது.

விஜி அக்கா: இது நல்லா இருக்கு. அனுப்பிடறேன்

ரமா: திரைச்சீலைத் துணி கம்பி அகலத்துக்கு 2 மடங்கு. கம்பி சன்னலைவிட ரெண்டு பக்கமும் 15 செ.மீ. அதிகமா இருக்கட்டும், அப்பதான் ஒதுக்கினா கண்ணாடி மறையாது. காட்டன்னா நனைச்சுக் காயவச்சுட்டுத்தான் தைக்கணும். தைச்சப்புறம் துவைச்சா கணுக்கால் தெரியும் 😅

மல்லிகா சித்தி: பூட்டி வச்சா பாத்ரூம் நாறுமே, அதுக்கு டிசைனர் என்ன சொல்றாங்க?

செல்வம் மாமா: அது டிசைன் இல்ல மல்லிகா. தரையில தண்ணி போற ஓட்டைக்குக் கீழ இருக்கற ட்ராப்ல நிக்கற தண்ணி காஞ்சுடும், சாக்கடைக் காத்து நேரா மேல வரும். கிளம்பும்போது ஒவ்வொண்ணுலயும் ஒரு சொம்பு தண்ணி ஊத்தி, மேல ரெண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டா மெதுவாத்தான் காயும். ஃப்ரிட்ஜை அணைச்சா கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கணும்.

கார்த்தி: பணம் எவ்வளவு போயிருக்கு?

விஜி அக்கா: வேலை முடிய முடியத்தான் குடுக்கறோம். கடைசி 10 சதவீதம் குறைப் பட்டியல் முடிஞ்சப்புறம். ஆனா பொருள் வர்ற அன்னிக்கு நம்ம ஆள் ஒருத்தர் அங்க நிக்கணும். பிரிக்கறதுக்கு முன்னாடி பெட்டியை 6 பக்கமும் போட்டோ, லேபிள் தெரிய. உடைஞ்சிருந்தா ரசீதுல எழுதிட்டுத்தான் கையெழுத்து. யார் போறீங்க?

விஜி அக்கா: ?

விஜி அக்கா: 9 பேர் படிச்சிருக்கீங்க

கார்த்தி: தேதி சொல்லு, பாக்கறேன்

விஜி அக்கா: சரி. நாளைக்கு 10 மணிக்கு வீடியோ கால்ல திரும்ப அளக்கறோம், மாமா கட்டாயம் இருங்க. வார்ட்ரோப் திரும்ப ரெண்டு பெட்டி.

மல்லிகா சித்தி: அப்ப கைப்பிடி?

செல்வம் மாமா: நடுவுல வெட்டு விழும்.

மல்லிகா சித்தி: ம்.

பெரியப்பா: மல்லிகா, உன் ட்ரில் மெஷின் தாத்தா அலமாரியில கீழ்த்தட்டுல இருக்கு. அலமாரி எங்க போகுதோ அங்க வந்து எடுத்துக்கோ.

மல்லிகா சித்தி: 😂 விஜி, அலமாரிக்கு ஒரு இடம் பாரேன்

கார்த்தி: 👍

விஜி அக்கா: இது எதுக்கு???