சேஞ்ச்லாக்கில் எப்படி எழுதினால் தோட்டத்துக் கிராணிக்குப் புரியும்?

சிப்புட்காரி கேட்கிறார்:

வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கும் சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் சிஸ்டம் செம்பனைத் தோட்டங்களுக்கானது. காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆட்கள் கூடும் இடத்தில்) ஆள் பதிவது, மண்டோர் (வேலையை மேற்பார்க்கிறவர்) கைப்பேசியில் குலைக் கணக்கு ஏற்றுவது, மாதக் கடைசியில் செக்ரோல் (வருகை, கூலிப் பதிவேடு) போட்டுச் சம்பளச் சீட்டு எடுப்பது எல்லாம் அதில்தான். ஆலையின் எடைப்பாலக் கணக்கும் ஏபிஐ (இரண்டு மென்பொருள்கள் தகவல் பரிமாறும் இணைப்பு) வழியாக நேரே வந்து சேரும்.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சேஞ்ச்லாக் (என்னென்ன மாறியது என்ற குறிப்பு) எழுதும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. புரோகிராமர்கள் தங்கள் கமிட் வரிகளை (கோடை மாற்றும்போது தங்களுக்குள் எழுதிவைக்கும் குறிப்புகளை) அப்படியே கொடுத்து, "இதைப் போட்டுவிடு" என்கிறார்கள். சென்ற வெளியீட்டுக்கு வந்தவை இவை:

"ரவுண்டிங் ஃபிக்ஸ்"
"செக்ரோல் மாட்யூல் ரீஃபேக்டர்"
"சட்ட மாற்றங்கள் அப்டேட்"
"சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன"

எனக்கு மனசு ஒப்பவில்லை. தோட்டத்து ஆபீசில் சம்பள வாரத்தில் தலை நிமிர நேரமில்லாமல் உட்கார்ந்திருக்கும் கிராணி (கணக்கு எழுதும் குமாஸ்தா) இதைப் படித்து என்ன செய்வார்? ஆலைக்காரர்களின் புரோகிராமர்களும் இதே பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். யாருக்கு எவ்வளவு சொல்வது, எதை விடுவது? கிராணி வேலை பார்ப்பவர்கள் இங்கே இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.

கேஎல்_கோடர்:

கமிட் வரி, பக்கத்து மேசையில் கோட் எழுதுகிறவருக்கு எழுதியது. சேஞ்ச்லாக் பயன்படுத்துகிறவருக்கு. ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் வைக்கச் சம்மதிக்காதீர்கள்.

ஒலிவியே லாகான் 2014இல் தொடங்கிய 'கீப் எ சேஞ்ச்லாக்' முறையைப் பாருங்கள். புதிதாகச் சேர்த்தது, மாறியது, இனி நீக்கப்போவது, நீக்கியது, சரிசெய்தது, பாதுகாப்பு என்று ஆறு தலைப்பு. புதிய வெளியீடு மேலே வரும். தேதியை 2025-10-20 மாதிரி ஆண்டிலிருந்து தொடங்கி எழுதுவார்கள். 03/11 என்று போட்டால் நமக்கு நவம்பர், அமெரிக்க முறையில் படிப்பவருக்கு மார்ச்.

அதில் 'வெளியிடாதவை' என்று ஒரு பகுதி உண்டு. எனக்கு மிகவும் உதவியது அதுதான். கோட் சேரும் அன்றைக்கே, மாற்றத்தைச் செய்தவரிடம் கேட்டு ஒரு வரியை அங்கே எழுதிவிடுங்கள். வெளியீட்டு நாளில் போய்க் கேட்டால் அவருக்கே பாதி மறந்திருக்கும். "சிறு பிழைகள்" பிறப்பது அப்படித்தான். ரீஃபேக்டர் என்பது கோடை உள்ளுக்குள் ஒழுங்குபடுத்துவது, அந்த வரியைத் தாராளமாக எடுத்துவிடலாம், வெளியே ஒன்றும் மாறவில்லை என்றால்.

ஆலைக்காரர்களுக்குத் தனிப் பக்கம் வையுங்கள். ஏபிஐயில் ஒரு புலத்தின் பெயர் மாறினாலே அவர்கள் பக்கம் எடைக்கணக்கு நின்றுபோகும். அப்படிப்பட்ட மாற்றம் என்றால் செமான்டிக் வெர்ஷனிங் என்ற வெளியீட்டு எண் முறைப்படி முதல் எண் ஏற வேண்டும், 2.9.4 அடுத்து 3.0.0. நீக்குவதற்கு முன்னாலேயே எது போகிறது, எந்த வெளியீட்டில், பதிலுக்கு எதைப் பயன்படுத்துவது என்று அறிவித்துவிடுங்கள்.

பெரட்டுக்களம்:

தங்கச்சி, நான் கிராணிதான். பால்மரக் (ரப்பர்) காலத்தில் கையால் செக்ரோல் எழுதியவன், இப்போது செம்பனை, கணினி. நீங்கள் போட்ட வரிகளில் குறைந்தது இரண்டுக்குப் பின்னால் என் ஆட்களின் காசு இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'சட்ட மாற்றங்கள்' என்றால் எந்தச் சட்டம்? 2025 அக்டோபரிலிருந்து அந்நியத் தொழிலாளர்களுக்கும் இபிஎப் (ஊழியர் சேமநிதி) கட்டாயம். தொழிலாளி 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி வாங்குகிறவருக்குக் கையில் 34 வெள்ளி குறையும். நாங்கள் பயன்படுத்துவது வேறொரு சிஸ்டம். அதிலும் இதே மாதிரி ஒற்றை வரிதான் வந்தது. சம்பள நாளன்று இந்தோனேசியக்காரர்களும் வங்காளதேசத்துப் பையன்களும் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் ஜன்னலில் வரிசையாக நின்றார்கள். ஊருக்கு அனுப்ப எண்ணி வைத்த காசு அது. சீட்டில் புதுப் பிடித்தம் வரும் என்று அப்டேட்டிலேயே எழுதியிருந்தால், முன்கூட்டியே பெரட்டில் நிறுத்தி, "இது உங்கள் பெயரில் சேரும் பணம்" என்று விளக்கியிருப்பேன்.

அடுத்தது 'ரவுண்டிங் ஃபிக்ஸ்'. எந்தக் கணக்கின் ரவுண்டிங்? லாரியின் எடையா, உதிரிப் பழ (குலையிலிருந்து கீழே உதிர்ந்த பழ) மூட்டையா? மூட்டை என்றால் 37.6 கிலோ இதுவரை 37 ஆனதா, 38 ஆனதா? எப்போதிலிருந்து? போன மாதக் கணக்கு தானாகத் திருந்துமா, நான் உட்கார்ந்து திருத்த வேண்டுமா? எங்கள் தோட்டத்தில் உதிரி பொறுக்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கிலோவுக்கு இவ்வளவு சென் என்று கூலி. மூட்டைக்கு அரைக் கிலோ விட்டுப்போனால் மாதக் கடைசியில் அது ஒரு மீன் குழம்புக் காசு. அவர்கள் வீட்டில் தனியாக நோட்டில் குறித்து வைத்திருப்பார்கள், வந்து கேட்பார்கள். பதில் சொல்ல என் கையில் ஒரு தேதியாவது இருக்க வேண்டும். பிழையைச் சரிசெய்தோம் என்று எழுதும்போது, அது திரையில் எப்படித் தெரிந்தது, எந்த வெளியீட்டிலிருந்து இருந்தது, பழைய கணக்கு என்ன ஆகும், இந்த மூன்றும் இல்லாமல் எழுதாதீர்கள்.

மண்டோர்கள் தனியாக ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கமாட்டார்கள். செயலி திறந்ததும் ஒரு தடவை காட்டுங்கள். சம்பள வாரத்தில் எதையும் வெளியிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

கேஎல்_கோடர்:

அண்ணன் சொல்லும் மூன்று கேள்விகளையும் அந்தப் புரோகிராமரிடமே கேளுங்கள். அவர் பதில் சொன்ன பிறகே கோட் சேரட்டும். மண்டோர்களுக்குக் கூகுள் பிளே குறிப்பையும் பயன்படுத்தலாம். ஒரு மொழிக்கு 500 எழுத்துதான் இடம், அதனால் அவர்கள் கைப்பேசியில் மாறுவதை மட்டும் போடுங்கள். மலாயிலும் தமிழிலும் தனித்தனியாக ஏற்ற முடியும்.

சிப்புட்காரி:

ரொம்ப நன்றி. புரோகிராமரிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். அண்ணன் ஊகித்தது சரி, மூட்டைதான். சென்ற வெளியீட்டின் பதிவை இப்படி மாற்றியிருக்கிறேன். வெளியானதைப் பிறகு திருத்தலாமா?

3.2.0, 2025-10-20
மாறியது: அந்நியத் தொழிலாளர்களுக்கு அக்டோபர் சம்பளத்திலிருந்து இபிஎப் 2 விழுக்காடு பிடிக்கப்படும். சம்பளச் சீட்டில் புது வரியாகத் தெரியும். முதலாளி பங்கு 2 விழுக்காடு தனியாகக் கணக்காகும். நீங்கள் செய்ய வேண்டியது: ஒவ்வொருவரின் இபிஎப் எண்ணையும் பதியுங்கள். எண் இல்லாதவர்களின் பெயர் செக்ரோல் திரையில் சிவப்பில் தெரியும்.
சரிசெய்தது: உதிரிப் பழ மூட்டை 37.6 கிலோ இருந்தால் 37 என்று பதிவானது. 3.1.0 முதல் (2025-09-08) இந்தப் பிழை இருந்தது. இனி ஒரு தசமம் வரை பதிவாகும். பழைய கணக்கு தானாக மாறாது. 'எடை வித்தியாசம்' அறிக்கையை எடுத்து, பாக்கியை அடுத்த செக்ரோலில் சேர்க்கவும்.

கேஎல்_கோடர்:

தாராளமாகத் திருத்தலாம். விட்டுப்போனதைப் பிறகு சேர்ப்பது நல்ல பழக்கம்தான். வெளியீட்டுத் தேதியை மட்டும் தொடாதீர்கள்.

பெரட்டுக்களம்:

மூட்டை வரி பிரமாதம் தங்கச்சி, அப்படியே ஆட்களுக்குப் படித்துக் காட்டலாம். ஆனால் 'அக்டோபர் சம்பளத்திலிருந்து' என்பதை மாற்றுங்கள். எங்களுக்கு ஒரு மாத வேலைக்கான சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வரும். அக்டோபரில் கையில் வாங்குவது செப்டம்பர் வேலைக்கான காசு. புதிதாக வந்த கிராணி அதிலேயே பிடித்துவிடுவார். 'அக்டோபர் மாத வேலைக்கு, நவம்பரில் கொடுக்கும் சம்பளத்திலிருந்து' என்று போடுங்கள். அதற்கான இபிஎப் பணத்தை நவம்பர் 15க்குள் கட்ட வேண்டும் என்பதையும் கூடவே எழுதிவிடுங்கள்.