வால்பாறை மலைப்பாதையில் இரண்டு குழந்தைகளோடு

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர்தான், இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிடலாம் என்று விசாரித்த இடத்திலெல்லாம் சொன்னார்கள். ஏழு வயது மகனும் நான்கு வயது மகளும் பின்னிருக்கையில் இருந்த எங்களுக்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று. அந்தத் தாமதத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஏனெனில் நாங்கள் கண்டவற்றுள் நினைவில் நிற்பவை எல்லாம் வண்டி நின்றிருந்தபோது கண்டவைதாம்.

ஆழியாறு சோதனைச்சாவடியைக் கடந்ததும் மலை தொடங்குகிறது. மேலே போய்ச் சேர 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் பலகை இருப்பதால், பொழுதுபோகட்டும் என்று எண்ணும் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்தோம். அது பெரிய தவறு. பலகையைத் தேடித் தலையை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே வந்தவனுக்குத்தான் முதலில் குமட்டியது. காலையில் அவன் ஆசைப்பட்டுக் கேட்ட நெய் ரோஸ்ட்டை வாங்கிக் கொடுத்ததும் எங்கள் பிழையே. இரண்டு இட்லியோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஏழாவது வளைவுக்குள் சட்டையையும் இருக்கை உறையையும் மாற்ற வேண்டிய நிலை வந்துவிட்டது. ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதையின் முறை என்றாலும், வளைவுகளில் ஓரங்கட்ட இடமில்லாததால், லோம்ஸ் வியூ என்று அழைக்கப்படும் ஒன்பதாவது வளைவு வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

அங்கே கீழே ஆழியாறு அணையின் நீர்ப்பரப்பும், அதற்கப்பால் பொள்ளாச்சிச் சமவெளியும் விரிந்து கிடந்தன. நான் குழந்தைகளுக்குக் காட்ட நினைத்திருந்த காட்சி அதுதான். மகன் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவனுடைய முகத்தைக் கழுவிவிட்டுக் கொண்டிருந்த என் மனைவி தற்செயலாக நிமிர்ந்தபோது, சாலையை ஒட்டிய பாறைச் சரிவில், பத்தடி உயரத்தில், ஒரு வரையாடு எங்களையே பார்த்தபடி அசைபோட்டுக் கொண்டிருந்தது. அதன் பின்னால் இரண்டு குட்டிகள், ஒரு கால் வைக்கவும் இடமில்லாத விளிம்பில் சாவகாசமாக நின்றிருந்தன. வரை என்றால் மலை. சங்கப் பாடல்களில் வருடை என்று குறிப்பிடப்படுவதும் இதுவே என்பர். தமிழ்நாட்டின் மாநில விலங்கான இது, தமிழகத்திலும் கேரளத்திலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. இதையெல்லாம் நான் விளக்கிக் கொண்டிருக்க, மகள் கேட்டது ஒன்றே ஒன்று: "அதுக்கு வாந்தி வராதாப்பா?"

அட்டகட்டியைத் தாண்டிக் கவர்க்கல் வந்தபோது மூடுபனி சாலையை விழுங்கியிருந்தது. முகப்பு விளக்கைத் தாழ்த்தி, இரண்டாம் கியரிலேயே ஊர்ந்தோம். நல்லவேளையாகக் குழந்தைகள் உறங்கிவிட்டார்கள்.

மறுநாள் காலையில், ஊருக்கு அருகே உள்ள புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகளைப் பார்த்தோம். சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்டியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றின் மீது ஒரு தாய்க்குரங்கு குட்டியை வயிற்றில் சுமந்தபடி நிதானமாகக் கடந்தது. முகத்தைச் சுற்றிப் பிடரிமயிர் இருக்கும்போது, வாலை வைத்து ஏன் பெயரிட்டார்கள் என்று மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். வால் நுனியில் இருந்த குஞ்சத்தைக் காட்டினேன். அவனுக்கு அது போதவில்லை.

அன்று மாலை சோலையாறு அணையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், தேயிலைத் தோட்டத்து மேட்டில் ஒரு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அதன் பொருள் எங்களுக்குத் தெரியவில்லை. வேலை முடிந்து வந்த பெண்கள் இருவர் கையை அசைத்து நிறுத்தி, "ஆனை நிக்குதுங்க, லைட்டை அணைச்சுடுங்க" என்றார்கள். அருகில் யானைகள் இருப்பதைத் தெரிவிக்க அந்த விளக்குகளையும், ஊர் மக்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாட்டையும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று வனத்துறையோடு சேர்ந்து செய்திருப்பதை அவர்களிடமிருந்துதான் அறிந்தோம். ஏறக்குறைய நாற்பது நிமிடம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். வீட்டில் நான்கு நிமிடம் சும்மா இருக்காத பிள்ளைகள் மூச்சுக் காட்டவில்லை. பிறகு ஐந்து யானைகள், நடுவில் ஒரு கன்றை வைத்துக்கொண்டு, சாலையைக் கடந்து ஓடைப்பக்கக் காட்டுக்குள் இறங்கின. தேயிலைச் செடிகள் உரசும் சத்தம் மட்டும் சிறிது நேரம் கேட்டது.

மறுமொழி

நான் அங்கே எஸ்டேட் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவள். எங்கள் சிறுவயதில் விளக்கும் இல்லை, குறுஞ்செய்தியும் இல்லை. கடைசிப் பேருந்தில் வருகிறவர்கள் சொல்லும் செய்திதான். தோட்டங்களுக்கு நடுவே திட்டுத் திட்டாக எஞ்சியிருக்கும் காடுகளுக்கும் ஆற்றோரங்களுக்கும் இடையே யானைகள் போய்வந்துகொண்டே இருக்கும் என்பதால், அவை வழி மாறி வந்துவிட்டன என்று வெளியூர்க்காரர்கள் சொல்லும்போது எங்களுக்குச் சிரிப்பு வரும். வழியில் வந்து குடியேறியவர்கள் நாங்கள்தாம்.

குழந்தைகளோடு செல்வோர் யானையைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறார்கள், சிறுத்தையை மறந்துவிடுகிறார்கள். தேயிலைச் செடி நமக்கு இடுப்பளவுதான். ஆனால் நான்கு வயதுக் குழந்தை அதற்குள் முழுதாக மறைந்துவிடும். படம் எடுப்பதற்காகப் பிள்ளைகளை உள்ளே நிறுத்திவிட்டுத் தாம் சாலையில் நிற்கும் பெற்றோரை எத்தனையோ முறை அதட்டியிருக்கிறேன். பொழுது சாயத் தொடங்கினால் எங்கள் அம்மா எங்களை வாசலுக்குக்கூட விடமாட்டார். அண்ணா, நீங்கள் சோலையாற்றிலிருந்து திரும்பும் வழியில் எங்கேயும் இறங்கவில்லையே?

மறுமொழி

இறங்கினோம், அம்மா. அந்தச் சிவப்பு விளக்கைக் காண்பதற்குக் கால்மணி நேரம் முன்பு, மகளைத் தேயிலைக்குள் நிறுத்தி எடுத்த படம் ஒன்று என் கைப்பேசியில் இருக்கிறது. அதில் அவளுடைய தலையில் கட்டிய ரிப்பன் மட்டுந்தான் தெரிகிறது.