ஜிப்ஸிக்குப் பழைய 1.3 இன்ஜின்: பிளாக்கில் எதைப் பார்த்து வாங்குவது?

கோத்தகிரி ஜிப்ஸி

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1992 மாடல் மாருதி ஜிப்ஸி. 970 சிசி எஃப்10ஏ இன்ஜின், நாலு கியர். அப்பா வாங்கிய வண்டி. இன்றும் பச்சைத் தேயிலை மூட்டைகளை ஃபேக்டரிக்குக் கொண்டுபோவது இதில்தான்.

ஆறு மாதமாக ஆயில் குடிக்கிறது, ஏற்றத்தில் நீலப் புகை. பட்டறையில் பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் ஏற்கனவே 0.50 மி.மீ. ஓவர்சைஸ், அதாவது தேய்ந்த சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். மறுபடி போர் போட (துளையைக் கடைய) இடமில்லை. ஸ்லீவ் (துளைக்குள் புதுக் குழாய்) இறக்கலாம், இல்லையென்றால் பிந்தைய மாடலான ஜிப்ஸி கிங்கின் 1.3 லிட்டர் இன்ஜினைத் தூக்கி வைத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். மூட்டையோடு ஏறுகிற வண்டி என்பதால் எனக்கு 1.3 பக்கம்தான் மனசு போகிறது.

கோவையில் ஒரு பழைய சாமான் கடையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று ராணுவ ஏலத்தில் வந்த ஜிப்ஸியிலிருந்து இறக்கிய ஃபுல் இன்ஜின், ஜி13பிஏ, கார்புரேட்டர், கியர்பாக்ஸோடு. இன்னொன்று ஹெட் (சிலிண்டர்களின் மேல் மூடி) கழற்றிய ஹாஃப் இன்ஜின். வெள்ளி பெயின்ட் அடித்து நன்றாக இருக்கிறது, விலையும் பாதிதான். மெக்கானிக் அண்ணன் "ஓட விட்டுப் பார்த்தால் போதும்" என்கிறார். எனக்கு அது போதாது என்று படுகிறது. கடையில் நின்றுகொண்டு பிளாக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடம்பில்) எதைப் பார்க்க வேண்டும், எதற்கு லேத் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்? செய்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

---

வால்பாறை வளைவுகள்

நண்பரே, நான் இதே மாற்றத்தைச் செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பிளாக்கைப் பற்றிச் சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: 1.3 வைத்தால் அதன் ஐந்து கியர் பாக்ஸையும் சேர்த்தே எடுங்கள். உங்கள் பழைய பாக்ஸ் 1.3 பிளாக்கோடு நேராகப் பொருந்தாது. ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) தனியாக, நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட்டோடு இருப்பதால் பாக்ஸை மாற்றுவது பெரிய தலைவலி இல்லை.

யாராவது மாருதி எஸ்டீம் கார் இன்ஜினைக் காட்டினால் யோசியுங்கள். அது குறுக்கே உட்காரும் இன்ஜின். ஜிப்ஸிக்குப் போட வேண்டுமென்றால் சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி), ஆயில் ஸ்டிரெய்னர், மவுன்ட் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கும். ஜிப்ஸியிலிருந்து இறங்கியது கிடைக்கும்போது அதுதான் நல்லது.

---

பொள்ளாச்சி லேத்

தம்பி, நான் இன்ஜின் லேத் வேலை செய்கிறவன். உங்கள் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் வாங்குவதற்கு முன்னால் இதைக் கேட்கிறவர்கள் குறைவு. வாங்கிக்கொண்டு வந்து எங்கள் பெஞ்சில் வைத்த பிறகுதான் கேட்பார்கள்.

உங்கள் எஃப்10ஏ பிளாக் வார்ப்பிரும்பு. இந்த 1.3 அலுமினியம், உள்ளே இரும்பு லைனர் (சிலிண்டரின் உள்சுவர்) வார்த்தே வரும். இரும்பு பிளாக்கைப் பார்த்துப் பழகியவர்கள் நேராகப் போருக்குள் எட்டிப் பார்ப்பார்கள். போர் தேய்ந்திருந்தால் காசு செலவாகும், அவ்வளவுதான். 0.25, 0.50 பிஸ்டன் இருக்கிறது, போர் போட்டு ஹோனிங் செய்தால் சரியாகிவிடும். ஒன்றும் செய்ய முடியாது என்று நாங்கள் திருப்பி அனுப்புகிற அலுமினிய பிளாக்குகள் பெரும்பாலும் தண்ணீர்ப் பக்கம் கெட்டவை. அதனால் முதலில் தண்ணீர் ஓடிய வழியைப் பாருங்கள். போர் அப்புறம்.

நம் பக்கம் கூலன்ட் ஊற்றுகிறவர்கள் கம்மி. வருஷக்கணக்கில் போர்வெல் தண்ணீரே ஓடியிருக்கும். உப்பு கலந்த தண்ணீரில் அலுமினியமும் இரும்பும் பித்தளையும் ஒன்றாக நனைந்து கிடந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். அந்த அரிப்பு வெளியிலிருந்து தெரியாது. ஹெட் உட்காரும் முகத்தில் தண்ணீர் ஓட்டைகளைப் பாருங்கள். நல்ல பிளாக்கில் ஓட்டையின் விளிம்பு விரலுக்குக் கூர்மையாகப் படும். அரித்ததில் விளிம்பு கரையான் தின்ற பலகை மாதிரி சொரசொரப்பாக, பள்ளம் பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளம் போரை நோக்கி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருந்த பழைய கேஸ்கெட்டின் இரும்பு வளையம் அழுத்திய தடம் முகத்தில் வட்டமாகத் தெரியும். பள்ளம் அந்த வட்டத்தைத் தொட்டுவிட்டால் அந்த பிளாக்கை விட்டுவிடுங்கள். "ஃபேஸிங் போட்டால் போய்விடும்" என்பார்கள். முகத்தை மெஷினில் சமமாக்கும் ஃபேஸிங்கில் எடுப்பது மயிரிழை. பள்ளம் அதைவிட ஆழம்.

பக்கவாட்டில் வட்டத் தகடாக அடித்திருக்கும் டம்மிகளையும் (தண்ணீர் வழியின் ஓட்டைகளை அடைக்கும் மூடிகள்) பாருங்கள். ஓரத்தில் துருக்கோடு வழிந்திருந்தால் உள்ளே இருந்த தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். டம்மி துருப்பிடித்திருந்தால் புதிதாக அடித்துக்கொள்ளலாம், அதற்காக பிளாக்கை ஒதுக்க வேண்டாம். ஆனால் டம்மியைச் சுற்றி எம்சீல் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். வெள்ளி பெயின்ட் என்றீர்கள். அலுமினிய பிளாக்குக்கு யாரும் அழகுக்குப் பெயின்ட் அடிக்க மாட்டார்கள். ஒரு பழைய ஹாக்ஸா பிளேடு கொண்டுபோய், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, சுரண்டிப் பாருங்கள். கேட்டதற்கே மறுத்தால் அங்கேயே முடிந்தது.

விரிசல் பார்க்க கடையிலேயே ஒரு வழி உண்டு. துணியில் மண்ணெண்ணெய் நனைத்து, இரண்டு போருக்கு நடுவே உள்ள ஒடுங்கிய இடம், ஹெட் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி, கீழே கிராங்க் உட்காரும் குறுக்குச் சுவர்கள் எல்லாவற்றையும் நனையுங்கள். பத்து நிமிஷம் ஊறட்டும். பிறகு நன்றாகத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்து, சாக்பீஸ் பொடியை மேலே மெல்லத் தடவுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் போன எண்ணெய் பொடியில் ஏறி ஈரக் கோடாகத் தெரியும். முதலில் முடி மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில் அகலமாகும். அவசரப்படாமல் பாருங்கள். சில பட்டறையில் காந்த முறையில் விரிசல் பார்ப்பார்கள். அது இரும்புக்கு மட்டும்தான், அலுமினியத்தில் வேலை செய்யாது. இதற்குச் சிவப்புச் சாயம் அடித்து வெள்ளை ஸ்ப்ரே போடும் டை டெஸ்ட்டும், தண்ணீர் வழிகளை அடைத்துக் காற்று ஏற்றும் பிரஷர் டெஸ்ட்டும்தான்.

அடுத்தது கிராங்க் ஷாஃப்ட்டை பிளாக்கோடு பிடித்து வைக்கும் பேரிங் கேப்புகள், மொத்தம் ஐந்து. பிளாக்கோடு சேர்த்துக் கட்டி ஒரே நேரத்தில் கடைந்தவை, வேறு பிளாக்கின் கேப் இதற்கு ஆகாது. கேப்பில் எண்ணும் அம்புக்குறியும் இருக்கும், அம்பு கிராங்க் புல்லி பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் நிறம் மாறியோ, எண் வரிசை தப்பியோ இருந்தால் யாரோ எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஹாஃப் இன்ஜின் விற்கிறவர்களிடம் இது நடக்கும். கேப் இல்லாத பிளாக் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

இப்போது போர். மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நகத்தை இழுத்துப் பாருங்கள். பிஸ்டன் ரிங் ஏறாத இடத்துக்கும் ஏறிய இடத்துக்கும் நடுவே படி தட்டினால் தேய்மானம் உண்டு. பிஸ்டன் தலையில் கரியைச் சுரண்டி எழுத்தைப் படியுங்கள். 0.50 என்று இருந்தால் உங்கள் எஃப்10ஏ நிற்கிற இடத்திலேயே இதுவும் நிற்கிறது. புதிதில் போர் 74 மி.மீ. பட்டறையில் போர் கேஜ் வைத்து மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளக்கச் சொல்லுங்கள். வட்டம் கெட்டிருப்பதும் மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசமும் 0.10 மி.மீ. தாண்டினால் போர் போட்டே ஆக வேண்டும். முகத்தில் நேர்க்கோல் வைத்து நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டம் பார்த்தால் 0.06 மி.மீ. ஃபீலர் (மெல்லிய அளவுத் தகடு) நுழையக் கூடாது.

ஃபுல் இன்ஜினை ஓட விட்டுப் பார்ப்பது தப்பில்லை, போதாது, அவ்வளவுதான். பத்து நிமிஷ ஓட்டத்தில் அரிப்பும் தெரியாது, கேப்பும் தெரியாது. ஓடும் நிலையில் இருந்தால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) எடுத்துவிடுங்கள். இன்ஜின் சூடாக, நாலு பிளக்கும் கழற்றி, ஆக்சிலரேட்டர் முழுவதும் மிதித்து. கணக்கு சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ. 12-க்குக் கீழே வந்தாலும், சிலிண்டருக்குச் சிலிண்டர் 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தாலும் யோசியுங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் ரிங், போர் பக்கம் கோளாறு. ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ. கோத்தகிரி உயரத்தில் எடுத்தால் அளவு இயல்பாகவே குறையும், அதனால் கோவையிலேயே எடுத்துவிடுங்கள்.

கடைக்காரரிடம் டோக்கன் கொடுத்து, "ஹெட் தூக்கி லேத்தில் அளந்து, சரியில்லை என்றால் திருப்பித் தருவேன்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நல்ல சாமான் வைத்திருக்கிறவர் எழுதிக் கொடுப்பார்.

---

சேலம் நான்கு சக்கரம்

அண்ணன் பிளாக்கைச் சொல்லிவிட்டார். நான் காகிதத்தைச் சொல்கிறேன், இதை விட்டால் நல்ல பிளாக்கும் வீண்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைப் படியுங்கள். ஆர்சியில் உள்ள விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் அடிப்படை. உங்கள் விஷயத்தில் இன்ஜின் எண் மட்டுமல்ல, 970 சிசி 1298 சிசி ஆகிறது. தயாரிப்பாளரின் மூல அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் கண்டிப்பாகச் சொன்னது. அதனால் பணம் கொடுக்கும் முன்பே உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டி என்பதால் 5 வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கக் காட்டித்தான் ஆக வேண்டும். அப்போது இன்ஜின் எண்ணைப் பார்ப்பார்கள். விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரரும் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

பிளாக்கில் அடித்த எண்ணைச் சுத்தம் செய்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண் இருக்கும் இடத்தில் கிரைண்டர் தடமோ, மேலே மறுபடி அடித்த தடமோ இருந்தால் கையே வைக்காதீர்கள். ராணுவ ஏல இன்ஜின் என்றால் ஏலக் காகிதத்தின் நகலும், இன்ஜின் எண் எழுதிய பில்லும் கேளுங்கள். "அதெல்லாம் எதுக்குங்க" என்று இழுத்தால் எனக்கு அது போதும், நான் வாங்க மாட்டேன்.

---

கோத்தகிரி ஜிப்ஸி

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. கோவை போய் வந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளி பெயின்ட் பிளாக்: சுரண்டிப் பார்க்கக் கேட்டேன், கடைக்காரர் மறுக்கவில்லை. ஒரு டம்மிக்குப் பக்கத்தில் பெயின்ட்டுக்குக் கீழே வெல்டிங் மேடு, அதை அரம் போட்டு மழித்திருக்கிறார்கள். மேலே முகத்தில் மூன்றாம் போர் பக்கம் அரிப்பு கேஸ்கெட் வளையத்துக்குள்ளேயே நுழைந்திருந்தது. லேத் அண்ணா சொன்னபடி விரலை வைத்ததும் தெரிந்துவிட்டது. படம் மட்டும் பார்த்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்போம் என்று மெக்கானிக் அண்ணனும் சொன்னார்.

ராணுவ இன்ஜின்: எண் தெளிவாக இருக்கிறது, ஏலக் காகித நகல் கொடுத்தார். டோக்கன் கொடுத்து, பில்லில் நிபந்தனை எழுதி வாங்கி, லேத்துக்குக் கொண்டுபோனோம். தண்ணீர் ஓட்டைகளின் விளிம்பு கூர்மையாகவே இருக்கிறது, உள்ளே லேசாகப் பச்சைக் கறை. கேப் ஐந்தும் வரிசையில், அம்பு ஒரே பக்கம். போர் அதிகபட்சம் 74.04, மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 0.02. பிஸ்டன் தலையில் ஓவர்சைஸ் எண் எதுவும் இல்லை. முகத்தில் 0.05 ஃபீலரே நுழையவில்லை. பிரஷர் டெஸ்ட்டிலும் காற்று இறங்கவில்லை.

ஒரே ஒரு குறை. ஒரு ஹெட் போல்ட் கழற்றும்போது மரையோடு அலுமினியத் தூளும் சேர்ந்து வந்துவிட்டது. பட்டறைக்காரர் ஹெலிகாயில் (மரை போன ஓட்டைக்குள் இறக்கும் கம்பிச்சுருள் மரை) போட்டால் போதும் என்கிறார். இதை நம்பி எடுக்கலாமா? ஆர்டிஓ அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன், பதில் கைக்கு வந்த பிறகுதான் மீதிப் பணம் என்று கடைக்காரரிடம் சொல்லி, அவரும் ஒத்துக்கொண்டார்.

---

பொள்ளாச்சி லேத்

தம்பி, அளவெல்லாம் அருமை. அந்த பிளாக்கை எடுங்கள். பச்சைக் கறை கூலன்ட் ஊற்றி ஓட்டியதன் அடையாளம், அதைப் பார்த்தாலே எனக்குச் சந்தோஷம்.

ஹெலிகாயில் அலுமினியத்துக்கு நல்ல வேலைதான், சரியாகப் போட்டால் பழைய மரையைவிடப் பலமாகவே நிற்கும். மூன்று விஷயம் மட்டும் கேட்டு வாங்குங்கள். முதலில் அந்த ஓட்டையின் வாயிலும் அடியிலும் டை டெஸ்ட். மரை பிடுங்கிய இடத்தில் விரிசல் இருந்தால் ஹெலிகாயிலும் நிற்காது. இரண்டாவது, கையில் பிடித்த டிரில்லில் துளை போட விடாதீர்கள். பிளாக்கை மெஷினில் கட்டி முகத்துக்கு நேர் செங்குத்தாகப் போட வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் போல்ட் ஹெட்டை ஒரு பக்கமாக இழுக்கும். மூன்றாவது, காயில் போல்ட் பிடிக்கும் முழு ஆழத்துக்கும் இறங்க வேண்டும்.

மற்ற ஒன்பது ஓட்டைகளிலும் மரை எப்படி என்று ஒரு புது போல்ட்டைக் கையால் திருகிப் பாருங்கள். ஹெட் கட்டும் முன் எல்லா ஓட்டையிலும் காற்று அடித்து ஆயிலையும் தண்ணீரையும் வெளியேற்றச் சொல்லுங்கள். அடியில் தேங்கிய ஆயில் மேல் போல்ட்டை இறுக்கினால் அது போக வழியில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும். ஹெலிகாயில் முடிந்ததும் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.