ஃபைஃப் கடற்கரையில் எங்கே சாப்பிடலாம்? எங்களுக்கு மீன், அம்மாவுக்குச் சைவம்

கேள்வி (சேலம், அழகாபுரம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகன் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் படிப்பை முடிக்கிறான். ஜூன் மாத இறுதியில் நடைபெறும் பட்டமளிப்பு விழாவுக்கு நானும் என் மனைவியும், எழுபத்தொரு வயதான என் அம்மாவும் செல்கிறோம். விழாவுக்குப் பிறகு ஆறு நாள்கள் அங்கேயே தங்கி, கடற்கரை ஊர்களைப் பார்க்க எண்ணியிருக்கிறோம். கார் எடுக்கும் எண்ணம் இல்லை.

நானும் மனைவியும் மீன், கோழி, ஆட்டிறைச்சி சாப்பிடுவோம். மாட்டிறைச்சி மட்டும் கிடையாது. அம்மா முழுச் சைவம், முட்டையும் தொடமாட்டார். சேலத்துக்காரர்களான எங்களுக்குக் கடல்மீன் என்றால் ஐஸ் பெட்டியில் இரவெல்லாம் பயணம் செய்து வருவதுதான். மேட்டூர் அணைப் பக்கம் போனால் சுடச்சுட வறுத்துத் தரும் ஏரிமீன்தான் எங்களுக்குத் தெரிந்த புதுமீன். எனவே படகிலிருந்து இறங்கிய மீனை அந்த ஊரிலேயே சாப்பிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எந்த ஊருக்குப் போக வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும், அம்மாவைப் பட்டினி போடாமல் எப்படிச் சமாளிப்பது என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 (ஏற்காடு)

ஐயா, மகனுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். நான் செயின்ட் ஆண்ட்ரூசில் ஐந்தாண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தைக் கவனித்து வருகிறேன். சேலம் கலெக்டராக 1820களில் இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான் இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்தவர் என்பதால், அந்த நாட்டைப் பற்றி யாராவது கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை.

நீங்கள் போக வேண்டிய பகுதிக்கு ஈஸ்ட் நியூக் என்று பெயர். நியூக் என்றால் அவர்கள் பேச்சில் மூலை. ஃபைஃப் மாவட்டத்தின் கிழக்கு மூலையில் ஈலி, செயின்ட் மோனன்ஸ், பிட்டன்வீம், ஆன்ஸ்ட்ரதர், கிரேல் என்று மீனவ ஊர்கள் ஒன்றை அடுத்து ஒன்றாக வரிசையாக இருக்கின்றன. நான் இருந்தபோது செயின்ட் ஆண்ட்ரூசிலிருந்து லீவன் வரை செல்லும் 95ஆம் எண் பேருந்து இவை அனைத்தையும் தொட்டுச் சென்றது. கார் இல்லாதது ஒரு குறையே அல்ல.

முதலில் ஆன்ஸ்ட்ரதர். துறைமுகத்தை ஒட்டிய ஷோர் தெருவில் இருக்கும் ஆன்ஸ்ட்ரதர் ஃபிஷ் பார், பிரிட்டன் முழுவதற்குமான சிறந்த மீன் வறுவல் கடை என்ற விருதைப் பெற்ற கடை. அங்கே மீன் என்றால் ஹேடாக் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் காட் மீனுக்கு இருக்கும் இடம் ஸ்காட்லாந்தில் ஹேடாக்குக்குத்தான். தோலோடு முழு மீனைப் பார்க்க நேர்ந்தால், முன் துடுப்புக்கு மேலே கட்டைவிரலை மையில் தொட்டு வைத்ததுபோல ஒரு கருப்புப் புள்ளி இருக்கும். புனித பேதுருவின் விரல் பட்ட தழும்பு என்று அங்கே சொல்வார்கள். வெந்த சதை வெள்ளை வெளேரென்று இதழ் இதழாகப் பிரியும், முள் தொந்தரவு அநேகமாக இருக்காது. ‘ஃபிஷ் சப்பர்’ என்று கேட்டால் உருளைக்கிழங்கு வறுவலோடு வரும்; மீன் மட்டும் போதும் என்றால் ‘சிங்கிள்’ என்று கேட்க வேண்டும். இரவு உணவைத்தான் சப்பர் என்கிறார்கள் என்று எண்ணி நான் முதல் மாதம் முழுவதும் பகலில் அதைக் கேட்கத் தயங்கினேன். உள்ளே உட்கார்ந்து சாப்பிட ஒரு விலை, கட்டிக்கொண்டு போக அதைவிடக் குறைந்த விலை. வெளியே துறைமுகச் சுவரில் அமர்ந்து சாப்பிடுவதானால் கடற்காகங்களிடம் கவனமாக இருங்கள். கையில் இருப்பதைப் பின்னாலிருந்து வந்து பறித்துவிடும்.

என் மனத்துக்கு மிக நெருக்கமான இடம் கிரேல். அங்கே சிறிய பழைய துறைமுகத்தில், கோடைக்காலத்தில் மட்டும் இயங்கும் ஒரு மரக்குடிசையில் நண்டும் சிங்கி இறாலும் விற்பார்கள். வேகவைத்த சிங்கி இறாலை இரண்டாகப் பிளந்து, கொடுக்கைத் தட்டி உடைத்துக் கையில் தருவார்கள். மசாலா, எண்ணெய் எதுவும் கிடையாது, கடல்நீரின் உப்பும் இறாலின் இனிப்பும் மட்டுமே. நம் நாக்குக்கு முதல் வாய் சப்பென்று தோன்றும். மூன்றாவது வாயில் அதன் இனிப்பு பிடிபடும். சரக்கு தீர்ந்தால் கதவை மூடிவிடுவார்கள் என்பதால் நண்பகலுக்கே போய்விடுவது நல்லது.

பிட்டன்வீமில் இன்றும் மீன்பிடித் தொழில் உயிரோடு இருக்கிறது. அந்தக் கடலில் பிடிபடும் லாங்கூஸ்டின் என்ற நீண்ட கொடுக்குடைய இறால், பட்டியலில் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். அதன் வாலைத்தான் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து ஸ்காம்பி என்கிறார்கள். எனக்குப் பொரிக்காததுதான் பிடிக்கும்.

பதில் 2 (சேலம், அம்மாப்பேட்டை)

ஏற்காட்டு ஐயா எழுதியதெல்லாம் சரி. ஆனால் மீனை விட முக்கியமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றை அவர் விட்டுவிட்டார்: எதில் பொரிக்கிறீர்கள்? ஸ்காட்லாந்தின் பல மீன் வறுவல் கடைகளில் இன்றும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். மீனை மட்டுமல்ல, உருளைக்கிழங்கையும் அதே சட்டியில்தான்.

இதை நான் வருத்தத்தோடு எழுதுகிறேன். என் மகள் டண்டீயில் இருந்தபோது, எழுபது வயதைத் தாண்டிய என் மாமியாரை அழைத்துச் சென்றேன். உருளைக்கிழங்குதானே என்று இரண்டு நாள் ஒரே கடையில் வாங்கிக் கொடுத்தோம், அவரும் விரும்பிச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் வரிசையில் நிற்கும்போதுதான் சுவரில் இருந்த பலகையை முழுவதுமாகப் படித்தேன்: ‘பாரம்பரிய முறையில் பீஃப் டிரிப்பிங்கில் பொரிக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தது. டிரிப்பிங் என்ற சொல்லுக்குக் கொழுப்பு என்று எனக்கு அன்றுதான் தெரியும். அவரிடம் மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். அன்று இரவு அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கடையின் மேல் தவறு இல்லை, அவர்கள் எழுதித்தான் வைத்திருந்தார்கள்; கேட்காமல் விட்டது என் பிழை. எனவே விருது பெற்ற கடையோ சிறிய கடையோ, எங்கு போனாலும் ‘டிரிப்பிங்கா, தாவர எண்ணெயா’ என்று முதலில் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் மாட்டிறைச்சி உண்பதில்லை என்பதால் அம்மாவுக்கு மட்டுமல்ல, உங்கள் மூவருக்குமே இது பொருந்தும்.

அடுத்து சூப். பருப்பு சூப் எல்லாக் கடைகளிலும் இருக்கும், பார்க்க நம் வீட்டுப் பருப்புக் கடைசலைப் போலவே இருக்கும். ஆனால் பழைய பக்குவப்படி அதைப் பன்றிக்கால் வேகவைத்த சாற்றில் செய்வார்கள். சைவக் குறி இருந்தாலொழிய வாங்காதீர்கள். ஹேகிஸ் என்பது ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலும் ஓட்ஸும் சேர்ந்தது. அதன் சைவ வடிவத்தை எடின்பரோவின் மக்ஸ்வீன் நிறுவனம் 1984இல் கொண்டுவந்தது. பருப்பு, காய்கறி, ஓட்ஸ், மிளகு எல்லாம் சேர்ந்து காரசாரமாக இருக்கும். என் மாமியாருக்கு அந்த நாட்டில் பிடித்துப்போன ஒரே பதார்த்தம் அதுதான்.

முட்டை தொடாதவர்களுக்கு ‘வெஜிடேரியன்’ என்ற சொல் போதாது, அவர்கள் கணக்கில் முட்டை சைவம். ‘வீகன்’ என்ற குறியுள்ளதைக் கேட்டால் முட்டை இருக்காது, பாலும் இருக்காது. முட்டை, பால் உள்ளிட்ட பதினான்கு ஒவ்வாமைப் பொருள்கள் எந்தப் பதார்த்தத்தில் இருக்கின்றன என்று கேட்டால் சொல்ல வேண்டியது அங்கே சட்டப்படி கடைக்காரரின் கடமை, ஆகவே கூச்சப்படாமல் கேட்கலாம்.

இன்னொன்று நேரம். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் நமக்குப் பசி தாமதமாக வரும். ஆனால் சிற்றூர்களில் சமையலறையை எட்டு, எட்டரைக்கே மூடிவிடுவார்கள்.

பதில் 3 (ஆத்தூர்)

எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. ஆறு நாளும் பொரித்த மீனையே தின்றால் அந்தக் கடற்கரையின் உண்மையான கைப்பக்குவம் தெரியாமலே திரும்பிவிடுவீர்கள். அது புகையில் இருக்கிறது.

செயின்ட் ஆண்ட்ரூசுக்கு அருகில் இருக்கும் ரயில் நிலையம் லூக்கர்ஸ். அங்கிருந்து டண்டீ வழியாக, புகையிட்ட மீனுக்குப் பெயர்போன ஆர்பிரோத் என்ற கடற்கரை ஊருக்குச் சென்றுவரக் காலைப் பொழுது போதும். உப்பில் ஊறவைத்த ஹேடாக்கை இரண்டிரண்டாக வாலில் சணல் கயிறு கட்டி, கம்பில் தொங்கவிட்டு, கட்டை எரியும் குழியின் மேலே வைத்து ஈரச் சாக்கைப் போட்டு மூடுவார்கள். புகையும் ஆவியும் சேர்ந்து வேகவைக்க, ஒரு மணி நேரத்துக்குள் செம்பு நிறத்தில் தோல் மினுமினுக்க வெளியே எடுப்பார்கள். சூட்டோடு முதுகுமுள்ளை உருவி எடுத்துவிட்டுக் கையால் பிய்த்துச் சாப்பிட வேண்டும். ஆர்பிரோத்தைச் சுற்றி எட்டுக் கிலோமீட்டருக்குள் செய்தால்தான் அதற்கு ஆர்பிரோத் ஸ்மோக்கி என்று பெயரிடலாம். 2004இல் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பைப் பெற்றார்கள். எண்ணெயே இல்லாத பக்குவம் என்பதால் மாட்டுக் கொழுப்புக் கவலையும் இல்லை.

செயின்ட் ஆண்ட்ரூசிலேயே இருக்கும் நாளில் கல்லன் ஸ்கிங்க் சாப்பிடுங்கள். புகையிட்ட ஹேடாக், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால் சேர்த்த கெட்டியான சூப் அது. மீனில் பாலா என்று முகம் சுளிக்காமல் ஒரு கிண்ணம் குடித்துப் பாருங்கள். இனிப்புக்கு, 1908 முதல் நடக்கும் ஜனெட்டாஸ் ஐஸ்கிரீம் கடை இருக்கிறது. அம்மாவுக்கு வாங்கும்போது முட்டை சேராத வகை எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எண்ணெய்ப் பற்றிய எச்சரிக்கை எங்களை ஒரு பெரிய மனவருத்தத்திலிருந்து காப்பாற்றியது. கிரேலுக்கும் ஆர்பிரோத்துக்கும் ஒவ்வொரு நாள் ஒதுக்கிவிட்டோம். ஆன்ஸ்ட்ரதர் கடைக்கு எந்த எண்ணெய் என்று மகனையே தொலைபேசியில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்காகச் சமையலறையுடன் கூடிய வீடாகவே எடுக்கிறோம். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஒரு பாட்டில் நெய், வீட்டில் செய்த பால்கோவா ஆகியவற்றை இங்கிருந்தே எடுத்துச் செல்லலாமா?

பதில் 2 (சேலம், அம்மாப்பேட்டை)

பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். கசியாமல் இரட்டை உறையில் கட்டிப் பெரிய பெட்டியில் வையுங்கள். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். இந்தியாவிலிருந்து பால் பொருள்களையும் இறைச்சியையும் பிரிட்டனுக்குள் கொண்டுசெல்ல அனுமதி இல்லை, விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். வெண்ணெய் அங்கே அருமையாகக் கிடைக்கும். சென்ற அன்றே ஒரு கட்டி வாங்கி உருக்கிக்கொண்டால் அம்மாவுக்கு ஆறு நாளுக்கும் நெய் ஆயிற்று.