அவுச் என்றால் ப்ரூச்சா, குவளையா?

பட்டறைப்பையன்: பழைய ஆங்கில நகைப் பெயர்களைப் பற்றி நேற்று இங்கே ஒருவர் எழுதினார். "அவுச் (ouch) என்றால் ப்ரூச், உடையில் குத்தும் நகை, அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார். மனசு ஆறவில்லை. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் யாத்திராகமம் 28:11 பாருங்கள். ஏபோத்து என்ற ஆசாரிய உடைக்கான கற்களைத் தங்க அவுச்சில் பதிக்கச் சொல்கிறது. தமிழ் வேதாகமத்தில் அங்கே "பொன் குவளைகளிலே" என்று இருக்கிறது. குவளை என்றால் நகையில் கல்லை உட்கார வைக்கும் கூடு. ப்ரூச் எங்கே வந்தது?

சொல்வேட்டை: அந்த ஒருவர் நான்தான். என்னிடமே கேட்டிருக்கலாம். பழைய பிரெஞ்சிலிருந்து வந்தபோது அது 'நவுச்', துணியைக் கோக்கும் கொக்கி. ஆங்கிலத்தில் 'ஒரு நவுச்' என்று சொல்லும் 'அ நவுச்' பேச்சில் 'அன் அவுச்' ஆகி, சொல்லின் முதலில் இருந்த 'ந' ஒலி உதிர்ந்தது. சமையலில் உடைமேல் கட்டும் ஏப்ரன், முன்பு நேப்ரனாக இருந்து ஏப்ரன் ஆனதும் இப்படித்தான். பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் கிளார்க் கதையில் நாயகி கிரிசெல்டாவுக்குக் கிரீடம் சூட்டி, பெரிதும் சிறிதுமாக நவுச் வைத்து அலங்கரிப்பார்கள். எல்லாம் ப்ரூச்.

பட்டறைப்பையன்: பிறந்த கதையை நான் கேட்கவில்லை சார். எங்கள் அப்பா குவளை கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மெல்லிய தகட்டைக் கல்லின் அளவுக்கு வளைத்து, பொடி வைத்துப் பற்றவைத்து, கல்லை இறக்கி, விளிம்பைச் சுற்றிலும் அழுத்துவார். கல்லைப் பிடிப்பது குவளை. துணியைப் பிடிப்பது ப்ரூச்.

சொல்வேட்டை: உங்கள் அப்பா ஆங்கில அகராதி எழுதினாரா? முதல் பொருள் கொக்கிதான். குவளை பிறகு ஒட்டிக்கொண்டது.

மேரிடீச்சர்: ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி நாடகம், இரண்டாம் பாகத்தில் ஃபால்ஸ்டாஃப் "ப்ரூச், முத்து, அவுச்" என்று அடுக்குகிறான். இரண்டும் ஒன்றென்றால் எதற்கு இரண்டு தடவை?

சொல்வேட்டை: நகைநட்டு என்கிறோமே டீச்சர், நட்டு என்று தனியாக ஒன்றைக் கழுத்தில் போடுகிறோமா?

மேரிடீச்சர்: நடுவில் முத்து இருக்கிறது. நகைநட்டுக்கு நடுவில் என்ன இருக்கிறது?

கடைசிபெஞ்ச்: முதலில் அதை 'ஔச்' என்று எழுதுங்கள். 'அவுச்' கண்ணை உறுத்துகிறது.

சொல்வேட்டை: தம்பி, போன மாதம் ஏப்ரன் விஷயத்திலும் நடுவில் புகுந்து குழப்பியது நீங்கள்தான். நான் மறக்கவில்லை.

கடைசிபெஞ்ச்: ஏப்ரனில் நான் சொன்னதுதான் சரி. அன்றைக்கும் நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

சொல்வேட்டை: நியூட் (பல்லி போன்ற ஒரு நீர்நில உயிர்) என்ற சொல்லில் 'ந' ஒலி வந்து ஒட்டியது, ஏப்ரனில் உதிர்ந்தது. இரண்டையும் நீங்கள் ஒன்றாகப் போட்டீர்கள். பத்து வருஷமாக இதைப் படிக்கிறவனிடம் வந்து எழுத்துப்பிழை பார்க்கிறீர்கள். டீச்சர் ஒரு பக்கம், பட்டறை ஒரு பக்கம். கொக்கி என்று நான் காட்டினேன். அதற்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

பட்டறைப்பையன்: 28:11-க்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. கல்லை எதில் பதித்தார்கள்?

சொல்வேட்டை: ப்ரூச்சில்.

பட்டறைப்பையன்: குவளையில்.