மான் வேட்டைக்கு டி.எஸ்.சி. 1 கட்டாயமா?

கேள்வி:
இங்கிலாந்தில் இருக்கிறேன். நண்பரின் பண்ணையில் ரோ (roe) வகை மான்கள் இளமரங்களைக் கடித்து நாசம் செய்கின்றன. சுட அனுமதி தருகிறார். சொந்த ரைஃபிள் வாங்க முதலில் டி.எஸ்.சி. 1 (மான் வேட்டைச் சான்றிதழின் முதல் நிலை) தேர்வு எழுதியாக வேண்டுமா?

பதில் 1:
சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் எழுதுங்கள், உண்மையாகவே சொல்கிறேன். மான் இனங்களை அடையாளம் காண்பது, இறைச்சிச் சுகாதாரம், பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. சுடும் தேர்வும் உண்டு. காயம்பட்ட மான் ஓடி மறைந்து வேதனையில் கிடப்பதைவிடக் கொடுமை வேறில்லை. நிச்சயமில்லாத குண்டைச் சுடாமல் இருப்பதுதான் முதல் தகுதி.

உரிமம் காவல்துறையிடம். 1968 துப்பாக்கிச் சட்டத்தின்படி ரைஃபிளுக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். நண்பரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். உங்களுக்காக நற்சான்று தரும் இருவர், மருத்துவர் தரும் தகவல், பூட்டும் இரும்புப் பெட்டி ஆகியவையும் தேவை. துப்பாக்கி உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும்.

பதில் 2:
ரைஃபிளையும் பார்த்து வாங்குங்கள். இங்கிலாந்து, வேல்ஸில் ரோ மானுக்குக் ரைஃபிள் குழல் குறைந்தது 0.240 அங்குல விட்டமும், குண்டு குறைந்தது 1,700 அடி-பவுண்டு ஆற்றலும் கொண்டிருக்க வேண்டும். .243 அளவு ரைஃபிள் போதும். மன்ட்ஜாக் என்னும் சிறிய மானுக்கு வரம்பு குறைவு. ஸ்காட்லாந்தில் விதிகள் வேறு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. உரிமம் வரும்வரை என்ன செய்யலாம்?

பதில் 1:
அனுபவமுள்ள வேட்டைக்காரர் ஒருவருடன் போங்கள். 17 வயது நிறைந்தவர்கள், உரிமம் உள்ளவர் கூடவே இருக்க, தனியார் நிலத்தில் அவரது ரைஃபிளை இரவல் வாங்கிச் சுடலாம். அந்த நிலத்துக்கான அனுமதி அவருக்கு இருக்க வேண்டும். அப்புறம், சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு சுடக் கூடாது.